மஞ்சள் பாட்டில்

மாத்திரை என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏழையை வாசலோடு திருப்பி அனுப்பக் கண்டுபிடித்த தந்திரம் என்பது தாசெய் கிராமத்தின் தீர்ந்த முடிவு. விழுங்கினால் அது எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்? வயிற்றில் ஏற்கெனவே சோறு இருக்கிறது, புளித்த மீன் இருக்கிறது, நேற்றைய கல்யாண வீட்டு பீர் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒரு சின்ன மாத்திரை வழி கேட்டு ரத்தத்துக்குப் போய்ச் சேருவது நடக்கிற காரியமா? பாட்டில் அப்படியில்லை. நரம்பில் குத்தி மேலே தொங்கவிட்டால் சொட்டுச் சொட்டாக உடம்புக்குள் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். களைப்புக்கு வெள்ளைப் பாட்டில். பெரிய களைப்புக்கு மஞ்சள் பாட்டில். அதே உப்புச் சர்க்கரைத் தண்ணீர்தான், வைட்டமின் மருந்தை உள்ளே செலுத்தியதும் மஞ்சளாகிவிடும். நடவுக்கு முன்னால் ஒன்று, அறுவடைக்குப் பின்னால் ஒன்று. புருஷனோடு சண்டை போட்டு ஓய்ந்த பெண்கள்கூட வந்து ஒரு பாட்டில் ஏற்றிக்கொண்டு போவார்கள். மறுபடி சண்டை போடத் தெம்பு வேண்டுமே.

ஏற்றுகிறவள் கொல்யான். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, யாரிடமும் குரலை உயர்த்தாத சுபாவம். கம்பங்களின் மேல் நின்ற அவள் வீட்டின் அடியில் நாலு மூங்கில் கட்டிலும் ஏழெட்டு ஊஞ்சல் வலையும் கிடந்தன. மேலே உத்தரத்தில் வரிசையாகப் பன்னிரண்டு ஆணி. சர்டிபிகேட் என்று ஒன்றும் கிடையாது. சண்டைக் காலத்தில் எல்லைக்கு அப்பால் அகதி முகாமில் இருந்தபோது வெளிநாட்டு டாக்டர்கள் ஆறு மாதம் சொல்லிக்கொடுத்ததுதான் படிப்பு. ஆனால் கை என்றால் அது கை. பச்சைப் பிள்ளையின் நரம்பையும் ஒரே குத்தில் பிடிப்பாள். ஆளுக்கு ஒரு புது ஊசி, புதுப் பஞ்சு. பழசைத் தொட மாட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நடந்ததற்கெல்லாம் அழுக்கு ஊசிதான் காரணம் என்று சொல்லி யாரும் தப்பித்துக்கொள்ள முடியாது.

முகாமில் அவள் கண்ட ஒரு காட்சிதான் அவளுக்கு வேதம். பிள்ளை பெற்று மூன்று மாதமான ஒருத்தியைப் போர்வையில் போட்டுத் தூக்கி வந்தார்கள். கால் இரண்டும் வீங்கியிருந்தன, மூச்சு இளைத்தது, படுக்கவைத்தால் துடித்தாள், உதடெல்லாம் நீலம். வயசான வெளிநாட்டு டாக்டர் ஒருவர் அவளைப் பார்த்துவிட்டு, பெரிபெரி என்றார். பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது ஆகாது என்று எல்லாவற்றையும் விலக்கி, வெள்ளைச் சோறும் உப்புமீனும் மட்டும் கொடுத்து வைட்டமின் வற்றிப்போன உடம்பு. ஒரே ஒரு வைட்டமின் ஊசி போட்டார். சாயங்காலம் அவள் உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். மறுநாள் நடந்தாள். அப்பாவையும் இரண்டு அண்ணன்களையும் பட்டினிக்குக் கொடுத்துவிட்டு வந்த இருபத்துநாலு வயதுக் கொல்யானுக்கு, சாவைத் திருப்பி அனுப்ப முடியும் என்பதே அன்றுதான் தெரிந்தது. அதன்பிறகு வீங்கின காலையும் இளைக்கிற மூச்சையும் எங்கே கண்டாலும் அவளுக்கு அந்தப் பெண்தான் நினைவுக்கு வருவாள்.

அப்படிப்பட்டவளின் ஒரே மகள் ரஸ்மெய்க்குக் கால் வீங்கியது.

ரஸ்மெய்க்கு இருபத்தைந்து வயது. தலைநகருக்கு வெளியே துணி ஃபாக்டரியில் தையல் மெஷினில் இருந்தாள். புருஷன் வுத்தி அதே ஃபாக்டரியில் இஸ்திரி போடுகிறவன். பெண் குழந்தை பிறந்து ஐந்து மாதம். மார்ச் மாதக் கடைசியில் வுத்தி போன் செய்தான். "மே, இவ மெஷின்லயே மயங்கி விழுந்துட்டா. ஊருக்குக் கூட்டிட்டு வந்துட்டிருந்தேன், வழியில மூச்சே விட முடியல. நம்ம மாகாண ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். நீங்க வாங்க மே." பெற்ற தாயை அவர்கள் மே என்றுதான் கூப்பிடுவார்கள், மாமியாரையும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் ரஸ்மெய் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெஞ்சில் ஏதோ மெஷினை வைத்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடி போட்ட ஒரு சின்ன வயது டாக்டரம்மா வந்தாள். கொல்யானின் மகளைவிட ஒன்றிரண்டு வயதுதான் கூட இருக்கும்.

"சின்ன வயசுல இவங்களுக்கு முட்டி வீங்கி காய்ச்சல் வந்துச்சா?"

வந்தது. பத்து வயதில். கொல்யானே ஊசி போட்டுக் குணப்படுத்தினாள், அதை நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தாள்.

"அது முட்டியோட போகல. இதயத்துக்குள்ள ஒரு கதவு இருக்கு, அதைச் சுருக்கிட்டுப் போயிருக்கு. பிள்ளை பெத்ததும் தாங்க முடியல. ரத்தம் போக வழியில்லாம நுரையீரல்ல தண்ணி தேங்குது. இந்த மாத்திரை அந்தத் தண்ணிய ஒண்ணுக்கா வெளிய எடுத்துடும். காலையில அரை மாத்திரை. தண்ணி அளந்து குடிக்கணும், உப்பைக் குறைக்கணும். புத்தாண்டு லீவு முடிஞ்சதும் தலைநகர் ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். அங்க அந்தக் கதவைப் பெரிசு பண்ணிடுவாங்க. நல்லா ஆயிடுவாங்க."

"டாக்டரம்மா, ரெண்டு நாளா ஒரு பாட்டில்கூட ஏத்தலையே. பிள்ளை பெத்த உடம்பு. எனக்குப் பார்த்தா பெரிபெரி மாதிரி..."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். "நீங்க ஊர்ல பாட்டில் ஏத்துறவங்களா?"

கொல்யான் தலையை ஆட்டினாள்.

"அதானே பார்த்தேன். அம்மா, இவங்களுக்கு ஏத்திராதீங்க. சொல்லிட்டேன். ஏற்கெனவே தண்ணியில மூழ்கிட்டிருக்கவங்களுக்கு நீங்க மேல தண்ணி ஊத்துவீங்க. மாசத்துக்கு நாலு பேர் உங்கள மாதிரி ஆளுங்ககிட்ட குத்திக்கிட்டு இங்கதான் வந்து விழறாங்க. பெரிபெரியா இருக்குமோன்னு நாங்களும் வைட்டமின் ஊசி போட்டுப் பார்த்துட்டோம். ஒரு மாற்றமும் இல்ல."

இந்தக் கடைசி வார்த்தை கொல்யானின் காதில் விழுந்தது, மனசில் விழவில்லை. சுற்றிலும் நோயாளிகளுக்குத் துணையாக வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் தாசெய் கிராமத்து ஆள் ஒருவரும் இருந்தார். முப்பது வருஷமாகத் தலை நிமிர்ந்து நடந்தவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. நான் முகாமில் ஆளைச் சாவிலிருந்து இழுத்துப் போட்டபோது இவள் பிறந்தே இருக்க மாட்டாள் என்று நினைத்தாள். அவமானப்பட்டவளுக்கு எதிராளி சொன்ன நல்லதும் விஷமாகத்தான் தெரிகிறது. மனித ஜாதியின் சாபம் அது.

வீட்டுக்கு வந்த முதல் வாரம் நன்றாகவே போனது. கால் வீக்கம் வடிந்தது. ரஸ்மெய் இரண்டு தலையணை வைத்துப் படுத்துத் தூங்கினாள், மகளை மடியில் போட்டுக்கொண்டு கொஞ்சினாள். ஆனால் காலையில் அரை மாத்திரை போட்டால் மத்தியானம் வரை கழிப்பறைக்கும் கட்டிலுக்கும் நடந்தபடி இருந்தாள். அது அவளுக்குப் பிடிக்கவில்லை.

"இந்த மாத்திரை என்கிட்ட இருக்கிற கொஞ்ச நஞ்ச தெம்பையும் ஒண்ணுக்கா எடுத்துட்டுப் போவுது மே. மஞ்சளா போவுது பாருங்க. மத்தவங்களுக்கு நீங்க மஞ்சளை உள்ள ஏத்துறீங்க, எனக்கு அவ வெளிய எடுக்கிறா. அதுவும் முழு மாத்திரைகூட இல்ல, அரை. நான் என்ன அரை மனுஷியா?"

ஏப்ரல் வெயில் மண்டையைப் பிளந்தது. தண்ணீரை அளந்து குடி என்று சொல்கிற டாக்டரை அந்த ஊர் அதற்கு முன் கண்டதில்லை. எதிர்வீட்டில் கரும்பு ஜூஸ் கடை வைத்திருந்த சொபான் இதைக் கேட்டு மோவாயில் கை வைத்தாள். "தண்ணி குடிக்காதேன்னா சொன்னா? மாட்டுக்குக்கூட யாரும் அப்படிச் சொல்ல மாட்டாங்களே!" என்று சொல்லி, ஐஸ் போட்ட ஜூஸைப் பெரிய டம்ளரில் கொண்டுவந்து ரஸ்மெய் கையில் கொடுத்தாள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணின் மேல் அவளுக்கு உயிர்.

புத்தாண்டுக்கு நாலு நாள் முன்பு, படுக்கையை உதறும்போது தலையணை உறைக்குள்ளிருந்து அரை மாத்திரைகள் உருண்டன. கொல்யான் எண்ணிப் பார்த்தாள், ஆறு இருந்தன. மகள் ஆறு நாளாக விழுங்குவது போல நடித்திருக்கிறாள். கொல்யான் அவற்றைத் திரும்ப உறைக்குள் போட்டு முடிச்சிட்டாள். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டாள். மகள் சொன்னது அவளுக்கும் சரி என்று பட்டது, அதுதான் உண்மை. அந்த டாக்டரம்மாவின் மாத்திரை தோற்க வேண்டும் என்று மனசின் ஒரு மூலை ஆசைப்பட்டதும் உண்மை.

புத்தாண்டு வந்தது. ஃபாக்டரிகள் மூடின. தலைநகரிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் ஊருக்கு வந்து இறங்கினார்கள். தலைமுடிக்குச் செம்பட்டைச் சாயம், கையில் மிட்டாய் டப்பா, கண்ணுக்குக் கீழே கருவளையம். சாமி கும்பிட்டு, கோயிலில் மணல் மேடு கட்டிவிட்டு, நேரே வந்து சேர்ந்த இடம் கொல்யானின் வீட்டடிதான். பன்னிரண்டு ஆணியிலும் பன்னிரண்டு பாட்டில் தொங்கியது. ஒருத்தி படுத்தபடி போனில் பாட்டுக் கேட்டாள், ஒருத்தி பச்சை மாங்காயை மிளகாய் உப்பில் தோய்த்துத் தின்றாள். வெளியே பையன்கள் புத்தாண்டு விளையாட்டாகப் போகிற வருகிறவர்கள் மேல் மாவை அப்பிக்கொண்டு கத்தினார்கள்.

ரஸ்மெய் கம்பத்தில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாகப் படுக்க முடியவில்லை. கால் மறுபடி வீங்கிவிட்டது. கொல்யான் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்து அப்படியே நின்றது.

"என்னடி ரஸ்மெய், உங்க வீட்டுலயே கடை, நீ மட்டும் வேடிக்கை பார்க்கிற?" என்று அவளோடு ஒரே வரிசையில் தைத்த ஒருத்தி கட்டிலிலிருந்து கேட்டாள்.

"எங்கம்மா ஊருக்குத்தான் டாக்டரு. எனக்கு அரை மாத்திரைதான்." சிரிக்கப் பார்த்தாள், மூச்சு வாங்கியது.

சொபான் கரும்பு மெஷினை விட்டுவிட்டு வந்தாள். "டாக்டரக்கா, நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலையற கதையா இருக்கு உங்க கதை. இதுங்களப் பாருங்க, வாடின கீரை மாதிரி வந்து படுத்ததுங்க, எந்திரிக்கிறப்ப என்ன ஜோரா எந்திரிக்குதுங்க! பெத்த மகள இப்படி மூச்சு வாங்க விட்டுட்டு ஊரான் வீட்டுப் பிள்ளைக்கு ஏத்துறீங்களே. அந்தக் கண்ணாடிக்காரி திட்டினதுக்குப் பயந்துட்டீங்களா?"

கட்டில்களில் படுத்திருந்த பெண்கள் எல்லாரும் கொல்யானைப் பார்த்தார்கள்.

அவள் உள்ளே போய் வைட்டமின் மருந்தை ஊசியில் எடுத்துவந்தாள். முகாமில் அந்த டாக்டர் போட்டது போலவே, பாட்டில் இல்லாமல், வெறும் ஊசி. மகளின் தோளில் போட்டாள். அதோடு அவள் நின்றிருக்கலாம். அந்த ஊசி நல்லதும் செய்திருக்காது, கெட்டதும் செய்திருக்காது.

ஒரு மணி நேரம் காத்திருந்தாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. பாட்டில்கள் காலியாகிப் புதுப் பாட்டில்கள் ஏறின. மகளின் மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை. முகாமில் அந்தப் பெண் இந்நேரம் கஞ்சி கேட்டிருந்தாள். மருந்து போதவில்லையோ, சதையில் போட்டது ரத்தத்துக்குப் போகவில்லையோ என்று கொல்யான் கணக்குப் போட்டாள். நாம் நினைத்த நோயே இது இல்லையோ என்ற கணக்கை மட்டும் அவள் போடவில்லை. அதைப் போட்டால் அப்புறம் செய்வதற்கு அவளிடம் எதுவுமே இருக்காது.

ரஸ்மெய் அவள் சட்டை நுனியைப் பிடித்தாள். "மே, கொசு கடிச்ச மாதிரி ஒரு ஊசி போட்டுட்டு உட்கார்ந்திருக்கீங்க. ஒரே ஒரு மஞ்சப் பாட்டில் ஏத்துங்க மே. என்னால முடியல. பாப்பாவத் தூக்கக்கூட முடியல."

"டாக்டரம்மா வேணாம்னாளே கண்ணு."

"அவ உங்க மகளா, நான் உங்க மகளா?"

கொல்யான் உத்தரத்தில் தொங்கிய பாட்டில்களை அண்ணாந்து பார்த்தாள்.

லீவுக்கு ஊருக்கு வந்திருந்த வுத்தி அங்கே வந்து நின்றான். மகளை இடுப்பில் வைத்திருந்தான். "ஏத்துங்க மே," என்றான். "நாளன்னிக்கு லீவு முடியுது. அவ இப்படியே இருந்தா தலைநகர் வரைக்கும் எப்படி உட்கார்ந்து வருவா? கொஞ்சம் தெம்பு வரட்டும்."

கொல்யான் ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்தாள். மகளுக்கு என்று மருந்தைக் கொஞ்சம் கூடவே சேர்த்தாள். தண்ணீர் நல்ல மஞ்சளாயிற்று. ரஸ்மெயின் நரம்பு மெல்லியது, ஆனால் ஒரே குத்தில் கிடைத்தது. பயத்தோடு குழாயின் வேகச் சக்கரத்தை மெதுவாகத் திருகி, சொட்டு சொட்டாக விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ரஸ்மெய் கண்ணை மூடிக்கொண்டு, "கையில சில்லுனு ஏறுது மே. நல்லா இருக்கு," என்றாள். அவள் முகத்தில் இரண்டு வாரமாகக் காணாத ஒரு அமைதி தெரிந்தது. கட்டில்களில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். சொபான், "நான் சொல்லல?" என்றாள். கொல்யானுக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில். சக்கரத்தை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

பாதிப் பாட்டில் இறங்கியபோது இருமல் ஆரம்பித்தது.

முதலில் சின்ன இருமல். பிறகு நிற்காத இருமல். ரஸ்மெய் எழுந்து நிற்கப் பார்த்தாள், முடியவில்லை, ஊஞ்சல் வலையின் கயிற்றைப் பிடித்துத் தொங்கினாள். நெஞ்சுக்குள் சோறு கொதிக்கிற சத்தம் கேட்டது. அவள் வாயைத் துடைத்த துணியில் ரோஜா நிறத்தில் நுரை இருந்தது. ஏற்கெனவே தண்ணியில மூழ்கிட்டிருக்கவங்க என்ற வார்த்தை அப்போதுதான் கொல்யானின் மனசில் வந்து விழுந்தது. அதன் பின்னாலேயே, வைட்டமின் ஊசி போட்டுப் பார்த்துட்டோம் என்ற வார்த்தையும். எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. அவள் ஊசியைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஐயோ, ஏன் பிடுங்கறீங்க? டாக்டரக்கா, பாதிதானே போயிருக்கு!" என்று சொபான் அலறினாள்.

கொல்யான் மேலே ஓடினாள். தலையணை உறையைக் கிழித்து அரை மாத்திரைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். மகளின் வாயில் இரண்டைத் திணித்தாள். அவை நுரையோடு சேர்ந்து வெளியே வந்தன. மறுபடி திணித்தாள். "முழுங்கு கண்ணு, முழுங்குடி, உன் காலப் பிடிக்கிறேன்," என்று கதறினாள். மாத்திரையை அந்த ஊரில் ஒருத்தி கெஞ்சிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

வுத்தி மோட்டார் சைக்கிளில் இழுவை வண்டியை மாட்டிக்கொண்டு வந்தான். தூக்கி உட்காரவைத்தார்கள். கொல்யான் பின்னாலிருந்து மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சொபான் அந்தப் பாதிப் பாட்டிலைக் கழற்றி எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறி, கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். "இன்னொரு கையில குத்துங்க டாக்டரக்கா! உங்களுக்கு என்ன ஆச்சு? குத்துங்க!"

"படுபாவி, அதைத் தூக்கிப் போடுடி!"

வுத்தி திரும்பிப் பார்த்துக் கத்தினான். "மே, அவங்க சொல்றதக் கேளுங்க! ஏத்துங்க! செத்துடுவா மே!"

கொல்யான் குத்தவில்லை. மகளின் இரண்டு கைகளையும் தன் கைக்குள் வைத்து இறுக்கி மூடிக்கொண்டாள், யாரும் வந்து குத்திவிடாதபடி. தெருவில் மாவு பூசிக்கொண்டு ஆடியவர்கள் விலகி வழிவிட்டார்கள். கோயில் வளைவைத் தாண்டுவதற்குள் நெஞ்சுக்குள் கொதித்த சத்தம் நின்றுவிட்டது. சொபான் மட்டும் இன்னும் கையை இறக்காமல் நின்றாள், வெயிலில் அந்த மஞ்சள் தண்ணீர் குலுங்கிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள் எரித்தார்கள். ஊரே வந்தது. லீவு முடிந்தும் ஃபாக்டரிப் பெண்கள் ஒரு நாள் தங்கிவிட்டுப் போனார்கள். பிக்குகள் ஓதி முடித்ததும், கொல்யான் துக்கத்துக்கு மொட்டையடித்த தலையோடு எழுந்து நின்றாள்.

"எல்லாரும் கேளுங்க," என்றாள். "என் மகளைக் கொன்னது நான்தான். அந்தப் பாட்டில்தான். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஏத்தாதேன்னு என்கிட்ட சொன்னா. அவ சொன்னது சரி. நான் கேக்கல. என் மேல புகார் கொடுங்க. என்னை அடிங்க. ஆனா இனிமே யாரும் தெம்புக்குன்னு ஏத்திக்காதீங்க."

பிறகு சொபான் வந்து அவள் தோளை அணைத்து உட்காரவைத்தாள். "துக்கத்துல பேசுறாங்க," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் காதருகே குனிந்து, தனக்கே தாங்காமல் அழுதபடி, "பயந்துட்டீங்கக்கா. பெத்த மகளாச்சே, கை நடுங்கிப் பிடுங்கிட்டீங்க. வேற யாராவதா இருந்தா பிடுங்கியிருக்க மாட்டீங்க. முழுப் பாட்டிலும் இறங்கியிருந்தா அவ இன்னிக்கு இருந்திருப்பா. விடுங்க, யாரும் உங்களக் குத்தம் சொல்லல," என்றாள்.

ஊரின் தீர்ப்பும் அதுதான். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கிணற்றடியிலும் ஜூஸ் கடையிலும் அதையே பேசினார்கள், மிகுந்த இரக்கத்தோடு. முதல் நாளே ஏற்றியிருக்க வேண்டும். ஆஸ்பத்திரி பேச்சைக் கேட்டு இரண்டு வாரம் வீணடித்துவிட்டாள். கடைசியில் ஏற்றினாள், அதையும் பாதியில் பிடுங்கிவிட்டாள். அந்த ஒரு நாளில் அவள் செய்த ஒரே சரியான காரியம் எதுவோ, அதற்காக ஊர் அவளை மன்னித்துக்கொண்டிருந்தது. கொல்யான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கேட்டார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்க என்றார்கள். இப்படி ஒரு பாறையில் தலையை மோதிக்கொள்வதைவிட ஜெயிலுக்குப் போயிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஏழாம் நாள் சடங்கு முடிந்த மத்தியானம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் வுத்தி ஃபாக்டரிக்குத் திரும்ப வேண்டும். குழந்தை பாட்டியோடு இருக்கட்டும் என்று முடிவாகியிருந்தது. அவன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கண் குழி விழுந்து, நிற்கும்போது கம்பத்தைப் பிடித்துக்கொண்டான். மெதுவாக வந்து மாமியாரின் எதிரே இருந்த மூங்கில் கட்டிலில் உட்கார்ந்தான்.

"மே, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல."

"கோபப்படு," என்றாள் கொல்யான். "நீயாவது கோபப்படுப்பா. நான் சொன்னது நிஜம். அந்தத் தண்ணிதான் அவளை மூழ்கடிச்சுது. நானே என் கையால சக்கரத்தைத் திறந்துவிட்டேன்."

அவன் குழந்தைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னான். "அப்படியெல்லாம் பேசாதீங்க மே. அது உள்ள போனதும் அவ முகம் எப்படி தெளிஞ்சுது, நான் பார்த்தேனே. நீங்களும் பார்த்தீங்கல்ல?"

பார்த்தாள்தான்.

வுத்தி சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தான். கையை அவள் பக்கமாக நீட்டினான்.

"நாளைக்கு மெஷின் முன்னால நிக்கணும், தெம்பே இல்ல. எனக்கு ஒரு மஞ்சப் பாட்டில் ஏத்திவிடுங்க மே," என்றான். கொஞ்சம் தயங்கி, அவள் மனம் நோகாதபடி தணிந்த குரலில், "நடுவுல மட்டும் பிடுங்கிடாதீங்க," என்றான்.

கொல்யான் மடியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இஸ்திரிப் பெட்டி தூக்கித் தூக்கி உரமேறிய அவன் கையில் நரம்பு தடிப்பாக, இருட்டில் குத்தினாலும் ஒரே தடவையில் கிடைக்கும்படி ஓடியது. அவளால் அதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.